சோதனை முடிவு யார் கையில்?

தாம்பரம், சேலையூர் பக்கம் கூலி வேலை செய்கிற வீடுகளிலிருந்து மைதானத்துக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கு ஓட்டம் பொழுதுபோக்கு அல்ல. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் ஓர் இடம், பிறகு ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை என்பதுதான் அவர்கள் கணக்கு. 2025 செப்டம்பர் 1 முதல் அந்தக் கணக்கில் ஒரு புதிய விதி குறுக்கே நிற்கிறது. உலகத் தரவரிசைக்குக் கணக்கில் வரும் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் இறங்க, ஆண் உடலமைப்பைத் தொடங்கிவைக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணு இருக்கிறதா என்று வாழ்நாளில் ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் ஒரு தடவல், இல்லையென்றால் கொஞ்சம் ரத்தம். போட்டி நியாயமாக நடக்க இது தேவை என்பவர்களின் கவலையும் உண்மையானதே. ஆனால், சோதனையின் பாரம் ஏழைப் பெண் மேல் விழுவதுபோல் மற்றவர் மேல் விழுவதில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர்களான தலித் பெற்றோருக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சில நாளிலேயே பதக்கம் பறிபோனது. அதைவிடக் கொடுமை, ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய மருத்துவச் சேதி ஊர் உலகத்துக்கெல்லாம் செய்தியானதுதான். 2012-ல் அவர் சூளையில் தினக்கூலிக்குச் செங்கல் சுமந்தார். பதக்கம் பறிபோனதிலிருந்து நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைக்கச் சுமார் பத்து ஆண்டுகள் ஆயின. ஒடிசாவின் நெசவாளர் வீட்டுப் பெண் துத்தி சந்த் 2014-ல் இதேபோல் போட்டியிலிருந்து நிறுத்தப்பட்டபோது கதை வேறாகப் போனது. வழக்கறிஞர்களும் ஆய்வாளர்களும் உடன் நின்றார்கள். விளையாட்டுக்கான நடுவர் மன்றம் 2015 ஜூலையில் அவரைத் தடுத்த விதியையே நிறுத்திவைத்தது. 2018 ஆசிய விளையாட்டில் அவர் இரண்டு வெள்ளி வென்றார். இருவரும் எளிய வீட்டுப் பெண்கள்தான். ஒருவருக்குத் துணைக்கு ஆள் இருந்தது, மற்றவருக்கு இல்லை.

ஒரே ஒரு தடவைதானே, எளிய சோதனைதானே என்பார்கள். ஆனால், எஸ்.ஆர்.ஒய். இருந்தும் டெஸ்டோஸ்டிரோனைப் பயன்படுத்தவே முடியாத உடல்கள் உண்டு. மரபணு இருப்பதாலேயே ஓட்டத்தில் ஆதாயம் வந்துவிடாது. 1990-ல் இந்த மரபணுவைக் கண்டறிந்த விஞ்ஞானிகளில் ஒருவரே இந்தப் பயன்பாட்டை எதிர்த்து எழுதியிருக்கிறார். முதல் சோதனையில் 'உண்டு' என்று வந்தால் அடுத்தடுத்த பரிசோதனைகள் தொடரும். விஞ்ஞானம் இருக்கட்டும், என்னை உறுத்துவது சோதனை முடிவு வரும் அந்தக் காகிதம். தன் உடலைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றைப் பதினெட்டு வயதுப் பெண் அதில்தான் முதன்முதலில் படிக்கப்போகிறாள். அது எத்தனை மேசைகளைத் தாண்டி அவளிடம் வரும்? போட்டிக்குப் போன பெண் ஏன் பாதியில் திரும்பினாள் என்று தெரு கேட்கும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அவர்கள் சம்மதம் இல்லாமல் அறுவைச் சிகிச்சை செய்யக் கூடாது என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது, தமிழக அரசும் அதன்படி ஆணையிட்டது. உடலைப் பற்றிய முடிவு அந்த உடலுக்கு உரியவருடையது என்று ஏற்றுக்கொண்ட மாநிலம் நம்முடையது. அந்த நியாயம் மைதானத்துக்கும் வரட்டும். மாதிரி எடுக்குமுன் ஒரு மருத்துவர் தமிழில் விளக்கட்டும். முடிவு அவள் கையில் மட்டும் சேரட்டும். எதிர்த்து வாதாட இலவச வழக்கறிஞர் கிடைக்கட்டும். கல்லூரி இடமும் வேலையும் எந்த முடிவாலும் பறிபோகாதிருக்கட்டும். தோஹாவில் வென்ற வெள்ளி இன்றுவரை சாந்தியின் பெயருக்குத் திரும்பவில்லை.