முதற்பனியின் வஞ்சகம்

கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஆல்ப்ஸ் மலைச் சிகரங்கள் புதுப்பனி போர்த்து நிற்கும் காட்சி கண்கொள்ளாதது. சறுக்குக்கட்டைகளின் அடியில் வழுக்காத பட்டைகளை ஒட்டி மலையேறி, உச்சியில் அவற்றை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவது அங்குள்ளோர் பெரிதும் விரும்பும் விளையாட்டு. முற்காலத்தில் அப்பட்டைகள் கடல்நாய்த் தோலினால் ஆனவை.

பனி குறைந்த காலத்தில் அபாயமும் குறைவென்றே எவரும் எண்ணுவர். உண்மை வேறு. மெல்லிய பனிப்படையின் கீழ் நிலம் ஏறக்குறையப் பூச்சியப் பாகை வெப்பநிலையில் இருக்க, மேலே இரவின் கடுங்குளிர் நிலவும். அடியிலிருந்து எழும் நீராவி, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாற்றிவிடும். அள்ளினாற் சீனிபோல உதிரும். அதன்மேற் காற்றுக் கொணர்ந்த புதுப்பனி பலகைபோல இறுகிப் படியுமாயின், 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒரு மனிதனின் பாரமே அதனைப் பெயர்க்கப் போதும். சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகருக்கு மேலே 1936 இல் பனி ஆய்வுகூடம் அமைந்ததும் இத்தகைய மாற்றங்களை அறிவதற்கே.

பனியிற் புதையுண்டோரை 10 நிமிடங்களுள் மீட்டாற் பெரும்பாலோர் பிழைப்பர். அரைமணி கடந்தாற் பெரும்பாலோர் மாள்வர். ஆதலால் ஒவ்வொருவரும் வானொலி அலைக்கருவி, துழாவுகோல், மண்வெட்டி ஆகியவற்றைத் தாமே சுமந்து செல்வர்.

காலடியிற் பனி ‘ஊம்’ என்னும் ஒலியுடன் அமிழ்ந்தால் அது மலையின் எச்சரிக்கை. கைக்கெட்டுந் தூரத்திற் சிகரம் நின்றாலும் அக்கணமே திரும்புவோரை அனுபவசாலிகள் கோழைகளென்று கூறார். வீட்டாரோ நன்றியுடன் கதவு திறப்பர்.