கிராப்சு: ஒரு கவறாட்டத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

மேலைநாட்டுச் சூதாட்டக் கூடங்களில் இரு கவறுகளைக் கொண்டு ஆடப்பெறும் ஆட்டங்களுள் கிராப்சு என்பது பெருவழக்கிற்று. கவறு என்றது, ஆறு பக்கங்களில் ஒன்று முதல் ஆறு வரை புள்ளியிட்ட சிறு கட்டையை. திருக்குறளின் சூது அதிகாரத்தில் வரும் அப்பழஞ்சொல்லே ஈண்டும் ஆளப்படுகின்றது.

இவ்வாட்டத்தைப் படைத்தவர் அமெரிக்க நாட்டு நியூ ஆர்லீன்சு நகரத்துச் செல்வர் பெர்னார்டு தெ மரீன்யி (1785–1868) என்பது பரவலான ஒரு செய்தி. அவர் தம் தோட்டநிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றபோது, ஒரு தெருவிற்கு இவ்வாட்டத்தின் பெயரையே இட்டார். அத்தெரு பிற்காலத்தில் பர்கண்டித் தெருவாயிற்று. பெயரிட்டது உண்மையே. ஆயின், பெயரிட்டமை படைத்தமைக்குச் சான்றாகுமா? இவ்வினாவிற்கு ஆட்டத்தின் விதியும் சொல்லும் விடை தருகின்றன.

முதற்கண் விதியை நோக்குவோம். இங்கிலாந்தில் ஹேசர்டு என்னும் கவறாட்டம் நெடுங்காலம் வழங்கியது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் இயற்றிய காண்டர்பரிக் கதைகளில் அது பழிக்கப்படுகின்றது. 1674இல் சார்லசு காட்டன் தம் ஆட்ட நூலில் அதனை விளக்கினார். அதில் உருட்டுவோன் 5 முதல் 9 வரையுள்ள எண்களுள் ஒன்றை முதன்மை எண்ணாகக் கூறுவான். முதல் உருட்டில் அவ்வெண்ணே விழின் வெற்றி. 2 அல்லது 3 விழின் தோல்வி. 11, 12 ஆகியவற்றின் பயன் முதன்மை எண்ணிற்கேற்ப மாறும். வேறெண் விழின் அது வாய்ப்பு எண் ஆகும். பின்னர் வாய்ப்பு எண் முந்துறின் வெற்றி. முதன்மை எண் முந்துறின் தோல்வி.

இனி, முதன்மை எண் 7 எனக் கொள்க. அப்போது 7, 11 இரண்டும் வெற்றி. 2, 3, 12 மூன்றும் தோல்வி. 4, 5, 6, 8, 9, 10 என்பன வாய்ப்பு எண்கள். இவையே கிராப்சின் அடிப்படை விதிகள். ஆகவே, கிராப்சு என்பது முதன்மை எண் 7 என நிலைபெற்ற ஹேசர்டேயன்றிப் பிறிதில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை நீங்கியது, ஆட்டம் எளிதாயிற்று. ஒருவர் புதிதாகப் புனைந்திருப்பின், 12 தோற்க 11 வெல்லும் இத்தகைய நுண்விதிகள் பழைய ஆட்டத்தோடு முழுதும் ஒத்திருத்தல் அரிது.

அடுத்துச் சொல்லை நோக்குவோம். உருட்டுவோர் தவளைபோற் குந்தியிருந்தமையால், தேரையைக் குறிக்கும் 'கிராப்போ' என்னும் பிரெஞ்சுச் சொல்லினின்று கிராப்சு என்னும் பெயர் வந்தது என்பாரும் உளர். கேட்க இனிதாயினும் இதனினும் வலிய சான்று வேறுண்டு. ஹேசர்டில் இரு கவறும் ஒவ்வொரு புள்ளி காட்டும் கடைப்பட்ட வீழ்வை 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் 'நண்டுகள்' என்று பொருள்படும் சொல்லாற் குறித்தனர். அச்சொல் பிரெஞ்சு மொழியுட் புகுந்தபோது, சகரத்தின் முன் நின்ற ஒலிப்புடைப் பகரம் ஒலிப்பற்ற பகரமாயிற்று. தமிழில் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுதலின் இத்திரிபு கண்ணுக்குப் புலனாகாது, செவிக்கே புலனாகும். இன்றும் 2, 3, 12 என்னும் தோல்வி வீழ்வுகள் கிராப்சு என்றே அழைக்கப்படுகின்றன. வீழ்வின் பெயர் ஆட்டத்திற்கு ஆகிவந்தது. இவ்வாறே ஹேசர்டு என்னும் ஆட்டப்பெயரும் ஆங்கிலத்தில் இடருக்குப் பொதுப்பெயராயிற்று.

நியூ ஆர்லீன்சில் வேரூன்றிய ஆட்டம் 19ஆம் நூற்றாண்டில் மிசிசிப்பி ஆற்றுவழியே பரவியது. அதனைத் தெருவிலும் படகிலும் ஆடி வளர்த்தவருள் கறுப்பின மக்கள் சிறப்பாகக் குறிக்கத்தக்கவர். இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர் போர்வையை விரித்து அதன்மேல் உருட்டினர். நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்தைச் சட்டப்படி இசைந்தமையால், கூடங்களில் அதற்கு நிலையான மேசை வாய்த்தது.

இவ்விடத்து ஒரு கணக்கு இன்றியமையாதது. 495 ஆட்டங்களில் உருட்டுவோன் வெல்வது சராசரி 244, தோற்பது 251. வேறுபாடு நூற்றுக்கு 1.41. உருட்டுவோன் தோற்பான் என எதிர்ப்பக்கம் பணயம் வைக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்டது. கவறு செய்தொழிலாளரான ஜான் வின் என்பார் அதனை வகுத்தார் என்பர். அங்ஙனமாயின் எதிர்ப்பக்கத்தார்க்கு அவ்வூதியம் சென்றுவிடும் அன்றோ? அதனைத் தடுக்கவே, முதல் உருட்டில் 12 விழுந்தால் உருட்டுவோன் தோற்றாலும் எதிர்ப்பக்கத்தார்க்கு வெற்றியில்லை என்று கூடத்தார் விதித்தனர். 36 வீழ்வுகளுள் ஒன்றே 12. அவ்வொன்றை விலக்கியமையால், எப்பக்கம் பணயம் வைப்பினும் நெடிது ஆடுவோன் பொருளிழப்பது உறுதியாயிற்று. சூது அதிகாரம் அறத்தின்வழி உணர்த்திய கேட்டை எண்ணும் வேறுவகையால் மெய்ப்பிக்கின்றது.

சாசர் காலத்து விதியும் ஆங்கிலேயர் வழக்குச்சொல்லும் பிரெஞ்சு ஒலிப்பும் ஆற்றங்கரை மக்களின் ஆட்டமும் கூடத்தாரின் கணக்கும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து உருவானது கிராப்சு. மரீன்யி அதனைப் பரப்பியவருள் ஒருவராதல் கூடும், படைத்தவர் ஆகார். வழிவழி வந்த ஒன்றிற்கு ஒரே ஆசிரியரைத் தேடும் ஆர்வம், நாட்டுப்பாடலை ஆராய்வார்க்கும் பழமொழியை ஆராய்வார்க்கும் இயல்பாக எழுவதே. பெயர்பெற்றார் ஒருவரோடு ஒன்று தொடர்புற்று நிற்கக் காணுந்தோறும், அவர்க்கு முன் அது எவ்வடிவில் இருந்தது என்று வினவுதலே ஆராய்ச்சியின் முதற்கடன் என்பது இதனாற் பெறப்படும்.