கொடிகளின் கதை - 14: நேபாளத்தின் இரட்டை முக்கோணம்

உலக நாடுகளின் தேசியக் கொடிகளில் நாற்கர வடிவத்துக்குள் அடங்காதது நேபாளக் கொடி ஒன்றுதான். சுவிட்சர்லாந்தும் வாத்திகனும் சதுரக் கொடி வைத்திருந்தாலும் அவற்றுக்கும் மூலைகள் நான்கே. நேபாளக் கொடிக்கு ஐந்து. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முக்கோணங்கள், செந்நிறத் துணி, சுற்றிலும் கருநீலக் கரை. மேல் முக்கோணத்தில் வெண்பிறை, கீழ் முக்கோணத்தில் வெண்சூரியன். அகலத்தைவிட உயரம் அதிகம் என்பது இன்னொரு விசித்திரம்.

விசித்திரமாகத் தெரிவது இன்றைய கண்ணுக்குத்தான். துணைக்கண்டத்தின் கோயில்களிலும் அரண்மனைகளிலும் முக்கோணக் கொடி பறப்பது பழைய வழக்கம். தேசியக் கொடி என்றால் செவ்வகம் என்ற மரபு ஐரோப்பாவிலிருந்து பரவியது. ஐரோப்பியரின் நேரடி ஆட்சிக்குள் போகாத நேபாளம் பழைய வடிவத்தைக் கைவிட வேண்டியிருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் கூர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா சிற்றரசுகளை வென்று நாட்டை ஒன்றாக்கினார்; 1768இல் காத்மாண்டு அவர் வசமானது. முதலில் தனித்தனியாகப் பறந்த இரு முக்கோணங்கள் பின்னாளில் ஒரே கொடியாக இணைந்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு.

வடிவம் பழையது, விளக்கங்கள் பல, ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டியதை அதில் ஏற்றிப் பார்த்திருக்கிறது. இரு முக்கோணங்களும் இமயச் சிகரங்கள் என்பார்கள். இந்து, பௌத்த சமயங்கள் என்பாரும் உண்டு. பிறை அரச குடும்பத்தையும், சூரியன் 1846 முதல் 1951 வரை பிரதமர் பதவியைப் பரம்பரைச் சொத்தாக வைத்திருந்த ராணா குடும்பத்தையும் குறிப்பதாக ஒரு காலத்தில் பொருள் சொன்னார்கள். இப்போது பிறை மலைநாட்டின் குளிர்ச்சி, சூரியன் தராய் சமவெளியின் வெப்பம். செந்நிறம் தேசிய மலரான லாலிகுராஸின் நிறம், வீரத்தின் அடையாளம், நீலம் அமைதி. சந்திர சூரியர் உள்ளவரை நாடு நிலைக்கட்டும் என்ற வேண்டுதலே எல்லாவற்றிலும் பொருத்தமாகப் படுகிறது. தானம் ‘சந்திராதித்தவரை’ நிலைக்க வேண்டும் என்று கல்லில் வெட்டிய சோழர் காலத்து வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை இருக்காது.

1962 வரை அந்தப் பிறைக்கும் சூரியனுக்கும் கண், மூக்கு, வாயுடன் மனித முகம் இருந்தது. அளவுகளும் திட்டமாக இல்லை. மன்னர் மகேந்திரா கேட்டுக்கொண்டதன் பேரில் பொறியாளர் சங்கர்நாத் ரிமால் கொடிக்கு ஒழுங்கான வரைபடம் தயாரித்தார். 1962 டிசம்பர் 16 அன்று புதிய அரசமைப்புச் சட்டத்துடன் அது நடைமுறைக்கு வந்தது. முகங்கள் நீங்கி, வெறும் கதிர்கள் மிஞ்சின.

அந்தச் சட்டத்தின் அட்டவணை ஒரு வடிவியல் பாடம். கொடி வரையும் முறை 24 படிகளாக அதில் தரப்பட்டிருக்கிறது. சிவப்புத் துணியின் கீழ்ப்பகுதியில் இடமிருந்து வலமாக வேண்டிய நீளத்துக்கு ஒரு கோடு போட வேண்டும். அதன் இடது முனையிலிருந்து செங்குத்தாக, அந்த நீளத்தோடு அதில் மூன்றில் ஒரு பங்கும் கூட்டி, இன்னொரு கோடு. இப்படி ஐந்தே படிகளில் இரண்டு முக்கோணங்களும் உருவாகிவிடும். பாடுபடுத்துவது பிறைதான்: அதற்கு மட்டும் 13 படிகள். 12 கதிருள்ள சூரியன் நான்கு படிகளில் முடிகிறது. நீலக் கரையின் அகலத்துக்குத் தனி அளவு தரப்படவில்லை. பிறை வரையும்போது கிடைக்கும் ஒரு சிறு நீளத்தையே அதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும். கரையையும் சேர்த்தால் கொடியின் உயரம் அகலத்தைப் போல் சுமார் 1.219 மடங்கு, முழு எண்களின் விகிதமாக அதைத் துல்லியமாக எழுத முடியாது. கயிற்றில் கட்டும் கொடிக்கு இந்தக் கரை போதும். கம்பத்தில் கோப்பதானால் அந்தப் பக்கத்துக் கரையைத் தேவைக்கேற்ப நீட்டிக்கொள்ளலாம் என்கிறது கடைசிப் படி.

2008 மே 28 அன்று நேபாளம் குடியரசானது. அரசரைப் புகழ்ந்த தேசிய கீதமும் பழைய அரசுச் சின்னமும் அதற்கு முன்பே மாற்றப்பட்டிருந்தன. பிறைக்கும் சூரியனுக்கும் முகம் வைத்திருந்த அரச குடும்பக் கொடி முடியாட்சியோடு போயிற்று. தேசியக் கொடியில் யாரும் கை வைக்கவில்லை. 2015 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியரசின் அரசமைப்புச் சட்டமும், மன்னர் காலத்து வரைமுறையையே தன் முதல் அட்டவணையாக வைத்திருக்கிறது.