டிக்கெட் ₹700 கம்மி, ஆனா செலவு ஆறாயிரம்! நாட்றம்பள்ளிக்கு எந்த ஏர்போர்ட் லாபம்?

சென்னை ஏர்போர்ட்டுக்கும் பெங்களூரு ஏர்போர்ட்டுக்கும் நேர்கோட்டில் சுமார் 270 கி.மீ. விமானத்தில் ஒரு மணி நேரம். நம்ம நாட்றம்பள்ளி இந்த இரண்டு ஊருக்கும் நடுவுல, தேசிய நெடுஞ்சாலை மேலயே இருக்கு. அப்போ டெல்லிக்கோ மும்பைக்கோ போகணும்னா எங்க போய் ஏறணும்?

வேலைக்குச் சேர்ந்த புதுசுல டெல்லி டிரெயினிங்குக்கு நான் பெங்களூரில் டிக்கெட் போட்டேன். சென்னையை விட ₹700 கம்மி, தூரமும் கம்மி. சில்க் போர்டுல டாக்ஸி மாட்டிக்கிச்சு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள கவுண்டர் மூடிட்டாங்க. அடுத்த விமானத்துக்கு ₹6,800 கொடுத்தேன். அந்த மாசம் சேமிப்பு பூஜ்யம்.

தூரம் வேற, நேரம் வேற

ரோட்டுல பெங்களூரு ஏர்போர்ட் சுமார் 165 கி.மீ., சென்னை ஏர்போர்ட் சுமார் 200 கி.மீ. பெங்களூருதான் பக்கம். ஆனா 2008-ல திறந்த அந்த ஏர்போர்ட் தேவனஹள்ளியில, ஊருக்கு வடக்கே இருக்கு. நாம ஓசூர் ரோடு வழியா தெற்கே நுழையறோம். ஊரையே தாண்டணும்.

ரயிலில் பாருங்க. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை சென்ட்ரல் 214 கி.மீ., மூன்றிலிருந்து மூன்றரை மணி நேரம். சென்ட்ரலில் இருந்தே மெட்ரோ ஏர்போர்ட்டுக்குப் போகுது. நடையும் சேர்த்து ஒரு மணி நேரம். பெங்களூரு சுமார் 145 கி.மீ., இரண்டரை மணி நேரம் வைங்க. அப்புறம் வாயு வஜ்ரா பஸ்ஸில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். மொத்தத்தில் இரண்டுமே நாலு, நாலரை மணி நேரம்தான்! ஒரே வித்தியாசம், மெட்ரோ டிராஃபிக்ல நிக்காது.

ஒரு மாதிரிக் கணக்கு

டிக்கெட் பெங்களூரில் ₹4,800, சென்னையில் ₹5,500 என்று வைத்துக்கொள்வோம். டாக்ஸி கி.மீ.க்கு ₹14.

- பெங்களூரு, டாக்ஸி: 4,800 + 2,310 = ₹7,110
- பெங்களூரு, ரயில் + பஸ் (₹500): ₹5,300
- சென்னை, டாக்ஸி: 5,500 + 2,800 = ₹8,300
- சென்னை, ரயில் + மெட்ரோ (₹300): ₹5,800

டிக்கெட் விலையை மட்டும் பார்த்தா ₹700 வித்தியாசம். ஏர்போர்ட் வரைக்கும் எப்படிப் போறீங்கன்னு பார்த்தா ₹3,000 வரைக்கும் வித்தியாசம். பணம் அங்கதான் போகுது.

உங்க நேரத்துக்கும் விலை போடுங்க. சம்பளம் ₹30,000, மாசம் 26 நாள், தினம் 8 மணி நேரம்னா ஒரு மணி நேரம் சுமார் ₹144. ₹200 மிச்சம் பிடிக்க மூணு மணி நேரம் கூடுதலா காத்திருந்தா அது நஷ்டம்.

புக் பண்ணும் முன் மூணு கேள்வி

1. உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவா 60 நிமிஷம் முன்னாடியே கவுண்டர் மூடிடுவாங்க. அதுக்கும் ஒன்றரை மணி நேரம் முன்னாடி போய்ச் சேர முடியுமா?
2. திரும்பி வரும் விமானம் ராத்திரி எத்தனை மணிக்கு இறங்குது? 11 மணிக்கு மேல மெட்ரோ இருக்காது. அப்போ டாக்ஸி செலவையும் சேருங்க.
3. எத்தனை பேர் போறீங்க? நாலு பேர்னா டாக்ஸியைப் பங்கு போடலாம், கணக்கே மாறிடும்.

அவசரமில்லாத பயணம், பகல் விமானம்னா பெங்களூரு ₹500 மிச்சம் பண்ணித் தரும். தவறவே கூடாத இன்டர்வியூவா? ₹500 கூடக் கொடுத்து சென்னைக்குப் போங்க. அதை செலவுன்னு நினைக்காதீங்க, ₹6,800 போகாம இருக்கக் கட்டுற இன்சூரன்ஸ்னு நினைங்க.

இந்தக் கணக்கை உங்க ஊர், உங்க சம்பளம் வைத்துப் போடுவது எப்படி என்று வீடியோவில் காட்டியிருக்கேன். பாருங்க, அடுத்த பதிவில் சந்திப்போம்!