கணினி மில்லிங் பொறிக்கு மென்பொருள் தெரிதல்

சுழலும் வெட்டுக் கருவியினால் உலோகத்தையும் மரத்தையும் செதுக்கி வேண்டிய உருவம் சமைக்கும் பொறியை மில்லிங் பொறி என்பர். அதன் கைப்பிடிச் சக்கரங்களைத் தொழிலாளி சுழற்றிய முறை ஒருபாலாக, எண்களால் எழுதப்பட்ட கட்டளைகள் அதனை இயக்கும் முறை இந்நாளிற் பெரிதும் பரவியுள்ளது. விமான உறுப்புகளை நுட்பமாக ஆக்குதற்பொருட்டு ஜோன் பாசன்ஸ் என்பார் தொடங்கிய முயற்சியின் பயனாக, அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தார் 1952 ஆம் ஆண்டில் இத்தகைய பொறியொன்றை இயக்கிக் காட்டினர். அன்று துளையிட்ட நாடா சுமந்த கட்டளைகளை இன்று கணினி சுமக்கின்றது.

இவ்வறிவு வன்னி மாணவர்க்குச் சேய்மைக்கண் உள்ளதன்று. உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறை 2013 இல் தொடங்கப்பெற்றது. அதனையடுத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 இலும், இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016 இலும் கிளிநொச்சி அறிவியல் நகரில் எழுந்தன. விசுவமடுவிலிருந்து இத்துறை நாடிச் செல்லும் மாணவன் எம்மென்பொருளைக் கற்பது என்னும் வினாவை விரைவில் எதிர்கொள்வான். விடை பிழைப்பின் காலமும் பணமும் வீணாதலேயன்றித் தான் வரைந்தவற்றைத் தானே திறக்க இயலாத நிலையும் நேரும்.

திருவள்ளுவர் தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்திலே வினையையும் கருவியையும் வினைசெய்வானையும் சேர்த்து ஆராயுமாறு அறிவுறுத்துகின்றார். இம்மூன்றும் ஈண்டும் நாடத்தக்கன.

முதற்கண் கருவியை நோக்குவோம். மென்பொருளின் தொழில் மூவகைப்படும். வரைவு மென்பொருள் பொருளின் முப்பரிமாண உருவத்தை அளவுகளோடு அமைப்பது. வெட்டுநெறி மென்பொருள் அவ்வுருவத்தைக் கொண்டு, இன்ன விட்டமுடைய கருவி இன்ன வேகத்தில் இன்ன வழியே செல்லுதல் வேண்டும் எனக் கணிப்பது. ‘போஸ்ற் புரொசெசர்’ எனப்படும் மொழிமாற்றி, அவ்வழியைப் பொறியின் கட்டுப்படுத்தி அறியும் ‘ஜி’ கட்டளைகளாக எழுதித் தருவது. ஜி 0 என்பது வெட்டாது விரைந்து செல்க எனவும், ஜி 1 என்பது நேர்கோட்டில் வெட்டிச் செல்க எனவும் பொருள்படும்.

இக்கட்டளைகளுக்குச் சர்வதேச நியமம் உண்டெனினும், பனுக், சீமென்ஸ் முதலிய கட்டுப்படுத்திகள் தத்தமக்குரிய வழக்குகளையும் உடையன. துளையிடுதலை ஒரே வரியிற் கூறும் ஜி 81 என்னும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். சிறு பொறிகளிற் பெரிதும் வழங்கும் ஜி.ஆர்.பி.எல். என்னும் இலவசக் கட்டுப்பாட்டு நிரல் அதனை ஏற்பதில்லை; வழு என அறிவிக்கும். அவ்வரியை ஜி 0, ஜி 1 ஆகிய வரிகளாக விரித்தெழுதும் மொழிமாற்றி வாய்ப்பின் இடரில்லை. ஆதலின் மென்பொருள் தேடுவோர் தம் பொறிக்கேற்ற மொழிமாற்றி அதன்கண் உளதா என்பதையே முதலில் வினவுதல் வேண்டும்.

இனி வினையை நோக்குவோம். விசுவமடு போன்ற உழவர் ஊர்களுக்கு வேண்டியன பெரும்பாலும் உழவு இயந்திரத்துக்கும் நீர்ப்பம்பிக்கும் உரிய உறுப்புகளாம். துளைகளும் குழிகளும் உடைய தட்டையான இணைப்புத் தகடு ஒன்றற்கு, ஓராழத்திற் கிடையாக வெட்டிப் பின் அடுத்த ஆழத்துக்கு இறங்கும் எளிய முறையே போதும். வளைந்த மேற்பரப்புடைய வார்ப்பு மாதிரிக்கு மூன்று அச்சுகளும் ஒருங்கே இயங்குதல் வேண்டும். ஒன்றையொன்று மறைக்கும் அலகுகளையுடைய சுழலியை முழு உலோகத்திற் செதுக்குதற்கு ஐந்து அச்சுகள் வேண்டப்படலாம். ஐந்தச்சு வேலைக்குரிய விலையுயர்ந்த மென்பொருளைத் தகடு வெட்டுவோன் வாங்குதல் வீண்செலவாம்.

மூன்றாவதாக, வினைசெய்வான் நிலையை ஆராய்தல் வேண்டும். இலவசமாகத் தரப்படுவது என்றும் அவ்வாறே நிலைபெறும் எனக் கருதலாகாது. ஓட்டோடெஸ்க் நிறுவனத்தார் தம் பியூஷன் 360 மென்பொருளின் தனியாள் இலவச உரிமத்தை 2020 இல் சுருக்கினர். வெட்டாது செல்லும் விரைவோட்டம் நீக்கப்பட்டது. திருத்தத்தக்க கோப்புகள் பத்தாக வரையறுக்கப்பட்டன. விரைவோட்டம் இன்மையின் விளைவைக் கணக்கிட்டுக் காண்போம். 300 மில்லிமீற்றர் தூரத்தை நிமிடத்துக்கு 5000 மில்லிமீற்றர் வேகத்திற் கடக்க 3.6 செக்கன் செல்லும். வெட்டு வேகமாகிய 500 மில்லிமீற்றரிற் கடக்க 36 செக்கன் செல்லும். நூறு முறை இவ்வாறு செல்லின் ஆறு நிமிடம் ஒரு மணித்தியாலமாகின்றது. நிறுவனம் தன் பொருளுக்கு வரையறை செய்தல் அதன் உரிமையே. அதனை நம்பித் தொழில் தொடங்குவோர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

விலைமிக்க மென்பொருளைத் திருட்டுப் பிரதியாகப் பெறுதலும் தீர்வாகாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கின்றது. திருட்டுப் பிரதியின்மேல் எழுப்பிய தொழில் சட்டத்தின் முன் நிற்கமாட்டாது.

இந்நிலையில் பிறீகாட் என்னும் திறந்த மென்பொருள் தொடக்க மாணவர்க்கு ஏற்புடையது. 2002 இல் வெளிவரத் தொடங்கிய அது, 2024 நவம்பரில் 1.0 ஆம் பதிப்பினை எய்தியது. வரைவு, வெட்டுநெறி, மொழிமாற்றி ஆகிய மூன்றும் அதன்கண் அமைந்துள; இணையத் தொடர்பு இன்றியும் அது இயங்கும். ஐந்தச்சு வேலைக்கு அது போதாது என்பதும், தொழிற்சாலைகள் பலவற்றில் சொலிட்வேர்க்ஸ், மாஸ்ரர்காம் போன்ற வணிக மென்பொருள்களே வழங்குகின்றன என்பதும் மறைத்தற்குரியன அல்ல. எனினும் ஒன்றிற் கற்ற வடிவியலும் வெட்டு முறையும் மற்றொன்றுக்கும் பயன்படும். கற்கும் நிலையம் உரிமம் பெற்று வைத்திருப்பின் அவற்றை ஆங்கே பயில்க.

எதனைத் தெரிந்தாலும், வரைந்த உருவத்தைச் சர்வதேச நியமமாகிய ‘ஸ்ரெப்’ கோப்பாகவும் ஒரு பிரதி சேமித்தல் இன்றியமையாதது. மென்பொருள் மாறினும் உரிமம் முடியினும் உருவத்தின் அளவுகள் அக்கோப்பில் எஞ்சும். பொறியை அறிந்து, வேலையை வரையறுத்து, தன் பொருள் வலியை எண்ணி, தன் வரைபைத் தன்னிடமே காத்துக்கொள்ளும் மாணவன் எந்தப் பட்டறைக்குச் செல்லினும் தன் உழைப்பை இழவான். இம்முறையை உயர்தர வகுப்பிலேயே பயிற்றுதல் ஆசிரியராகிய நம் கடனாகும்.