வெந்நீர் கொண்டு வந்த தங்கம்

கோலி சோடா குடித்திருக்கிறீர்களா குழந்தைகளே? கோலியைக் கட்டை விரலால் அழுத்தியதும், 'புஸ்' என்று நுரை கிளம்பும். தண்ணீருக்குள் அடங்கிக் கிடந்த வாயு, அழுத்தம் குறைந்ததும் வெளியே ஓடுகிறது. ஜப்பானில் ஒரு தங்கச் சுரங்கமே இப்படித்தான் உண்டானது என்றால் நம்புவீர்களா?

ஜப்பானின் தெற்கே, கியூஷூ தீவில் இருக்கிறது ஹிஷிகாரி. எரிமலைகள் கக்கிய பாறைகள் நிறைந்த பகுதி. சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பூமிக்கு அடியில் இருந்த நெருப்புக் குழம்பு, நிலத்தடி நீரைச் சூடாக்கியது. சூடு 200 டிகிரிக்கும் மேல்! ஆனாலும் நீர் கொதிக்கவில்லை. மேலே இருந்த நீரும் பாறையும் கொடுத்த அழுத்தம் அப்படி.

அந்த வெந்நீரில் துளித்துளியாகத் தங்கம் கரைந்திருந்தது. 'தங்கம் தண்ணீரில் கரையாதே சார்' என்று வகுப்பில் ஒரு வாண்டு நிச்சயம் எழுந்து நிற்கும். தனியாகக் கரையாதுதான். கந்தகத்தின் கையைப் பிடித்துக் கொண்டால் கரையும்.

பாறை வெடிப்புகளின் வழியே நீர் மேலேறியது. அழுத்தம் குறைந்தது. குபுகுபுவெனக் கொதித்தது. கந்தகம் வாயுவாகப் பறந்துவிட, துணையை இழந்த தங்கம் வெடிப்புகளின் சுவரில் படிந்தது. கூடவே வெங்கச்சங்கல்லும் படிந்தது. டைனோசர்கள் மறைந்தே 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதோடு பார்த்தால், இது நேற்றுப் பிறந்த தங்கம்!

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பல காலம் வெந்நீர் பட்ட பாறை, களிமண்ணாக மாறிவிடும். ஈரக் களிமண்ணில் மின்சாரம் எளிதாகப் பாயும். ஹெலிகாப்டரில் கருவியோடு பறந்து, அத்தகைய இடங்களைக் குறித்துக் கொண்டனர். ஆனால், களிமண் இருக்கும் இடத்தில் எல்லாம் தங்கம் இருக்காது. துளை போட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்குச் செலவோ ஏராளம்.

துணிந்து துளையிட்டனர். 1981ல், ஒரு சாண் கூட இல்லாத, 15 செ.மீ., அகலக் கோடு ஒன்று சிக்கியது. சோதித்தால், டன்னுக்கு 290 கிராம் என்ற கணக்கில் தங்கம்! டன்னுக்கு 4 கிராம் கிடைத்தாலே நல்ல சுரங்கம் என்பார்கள். 1985ல் தங்கம் எடுக்கத் தொடங்கி, இதுவரை 250 டன்னுக்கு மேல் எடுத்துவிட்டனர்.

ஆனால், அங்கே பூமியின் சூடு இன்னும் அடங்கவில்லை. சுரங்கத்தில் 65 டிகிரி வெந்நீர் ஊறுகிறது. அதை இறைத்துக் கொண்டே இருந்தால்தான் உள்ளே வேலை நடக்கும். இறைத்த நீரில் ஒரு பகுதியை, பக்கத்தில் உள்ள யுனோ என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குக் கொடுக்கிறார்கள். அங்கே வருபவர்கள் அதில் சுகமாகக் குளிக்கிறார்கள்.