புட்டியில் பிறந்த பூஞ்செடிகள்

மார்டள்ளியில் ஆர்க்கிட் வளர்க்கிறோம் என்று சொன்னால் நகைப்பவரே மிகுதி. கேழ்வரகும் சோளமும் வானத்தை நோக்கி நிற்கும் பூமியில் மலைநாட்டு மலர் எங்ஙனம் பிழைக்கும் என்பது அவர்கள் கேள்வி. இரயில் எட்டிப் பாராத ஊரில் பிறந்து இரயில்வேயில் குமாஸ்தாவாய் இருப்பதையும் அன்பர்கள் இவ்வாறே கேலி செய்வதுண்டு.

ஆர்க்கிட் யாவும் குளிர் விரும்புவன அல்ல. சமவெளியின் மாமரங்களில் ஒட்டி வளரும் வாண்டா இனம் நம் கண்ணெதிரே உள்ளது. சிங்கப்பூரில் 1893ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்று, 1981இல் அந்நாட்டின் தேசிய மலரான 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' வெயிலில் பூப்பது. டென்ட்ரோபியம் என்னும் வகையின் பல கலப்பினங்களும் வெப்பத்திற்கு அஞ்சா. நாம் கைக்கொண்டது அதனையே.

இதன் விதையோ தூசி. ஒரு காய்க்குள் இலட்சக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லுக்கும் அவரைக்கும் உள்ளதுபோல் குருத்துக்குச் சேமித்து வைத்த உணவு அதில் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சைக் காளான் உட்புகுந்து ஊட்டினாலன்றி அது முளைக்காது. பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் 1899இல் இவ்வுண்மையைக் கண்டார். காளானுக்குப் பதில் சர்க்கரை கலந்த பாசிக்கூழில் விதையை முளைக்க வைக்கலாம் என்று 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன் காட்டினார். அன்று முதல் ஆர்க்கிட் குழந்தைகள் கண்ணாடிப் புட்டியில் பிறக்கின்றன. செல்வர் மாளிகைக்கே உரியதாய் இருந்த மலர் குமாஸ்தாவின் திண்ணைக்கு வந்த வழி இதுவே.

புட்டியை வாங்குதல் எளிது, திறப்பதே சோதனை. நாம் வாங்கிய முதற் புட்டியில் இருபத்தைந்து நாற்றுகள் இருந்தன. சித்திரை மாதத்தில், ஆர்வம் தாளாது, திறந்த அன்றே தொட்டியிலிட்டுத் திண்ணையில் வைத்தோம். பத்து நாளில் பத்தொன்பது அழுகின. புட்டிக்குள் ஈரக் காற்றிலேயே வளர்ந்த இலைக்கு வெளிக்காற்றின் வறட்சி தெரியாது என்பதை அதன் பின்னரே உணர்ந்தோம்.

இப்பொழுது செய்யும் முறை வேறு. மழை தொடங்கியபின் திறக்கிறோம். வேரில் ஒட்டிய கூழை ஒரு துணுக்கும் விடாமல் தண்ணீரில் அலசுகிறோம். எஞ்சிய சர்க்கரையில்தான் பூசணம் பற்றுகிறது. பூசண மருந்து நீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் நிரப்பிய ஒரே தொட்டியில் பலவற்றை நெருக்கி வைக்கிறோம். பிளாஸ்டிக் தாளால் மூடி, நாளுக்கு நாள் சிறிது சிறிதாய்த் திறந்து விடுகிறோம். ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்பு இலையில் வெண்மையாய்ப் படிவதால், கூரையிலிருந்து விழும் மழைநீரைப் பிடித்து வைக்கிறோம். நாம் பணியிலிருக்கும் நாள்களில் நம் அன்னையார்தாம் தெளிக்கிறார். "இது பூப்பதற்குள் பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான்" என்பது அவர் முறையீடு. பொய்யன்று; பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

விற்பனைக்கு வருவோம். உத்தியோகத்தில் இருப்போர் வியாபாரம் செய்ய விதி இடந்தராது. எனவே தொட்டியும் கணக்கும் அன்னையாருடையன. சென்ற ஆண்டு உறவினர் வற்புறுத்தலுக்கு இணங்கி, புட்டியிலிருந்து எடுத்து ஒரு திங்களே ஆன நாற்றுகள் எட்டினைக் கொடுத்துவிட்டோம். ஆறு மாண்டன. அன்னையார் எட்டுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வாங்கியவர் வேண்டாமென்றும் அவர் கேட்கவில்லை. புது வேர் கரியைப் பற்றிக்கொண்டு, புது இலை ஒன்று விரிந்த பிறகே கொடுப்பது என்பது அதன்பின் வீட்டு வழக்கமாயிற்று. நட்ட நாளையும், பூக்க எத்தனை ஆண்டு என்பதையும் அட்டையில் எழுதிக் கட்டுகிறோம். இதைப் படித்துப் பாதிப்பேர் வாங்காமலே போகின்றனர்!

ஆடி மாதத்தில் நடந்தது ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தெரிந்த இளைஞர் ஒருவர் சாக்குப்பை நிறைய மரத்திலிருந்து பிடுங்கிய செடிகளைக் கொணர்ந்தார். கன்னடத்தார் சீதாளெ தண்டெ என்று அழைக்கும், நரிவால்போல் கொத்தாய்ப் பூக்கும் இனம். சில பூவோடும் இருந்தன. நாம் ஓராண்டு வளர்த்து விற்கும் நாற்றின் விலைக்கே முழுச் செடி! உள்ளம் தடுமாறியது உண்மை. நம் ஊரைச் சுற்றியுள்ள காடு சாதாரணக் காடன்று. காவிரி வனவிலங்குச் சரணாலயம் 1987இலும், மாதேஸ்வரன் மலைச் சரணாலயம் 2013இலும் அமைந்தவை. அங்கே செடியைப் பறிப்பது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அச்சம் ஒருபுறமிருக்க, தென்கோடி அகத்தியமலையில் மட்டுமே வாழும் மஞ்சள் நிறப் பாதுகை ஆர்க்கிட், சேகரிப்போர் கைபட்டே அருகிப்போன வரலாற்றைப் படித்திருந்தோம்.

வாங்கவில்லை. இளைஞர் முகம் வாடிற்று; அவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. உள்ளே சென்று, வேர் பிடித்த நாற்றுத் தொட்டி நான்கை எடுத்து வந்து, வளர்த்து விற்றுக்கொள்ளுமாறு கொடுத்தார் அன்னையார். அவர் பெற்றுக்கொண்டார், சாக்குப்பையையும் தோளில் ஏற்றிக்கொண்டே போனார். அது எங்கே இறங்கிற்று என்று நாம் கேட்கவில்லை. நான்கில் மூன்று உயிரோடிருப்பதாகச் சென்ற வாரம் வந்து சொன்னார். நான்காவதற்கு என்ன மருந்து என்று கேட்டுச் சென்றிருக்கிறார்.